என் முழங்கால் எக்ஸ்ரேயில் ஒரு கோல அச்சு: 5 வாட் டயோடு லேசர், எட்டு மாத உபயோகத்துக்குப் பிறகு

லேசர் வெட்டு இயந்திரம் வந்த பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 40 வாட் என்று போட்டிருந்தது. அது இயந்திரம் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. லென்சிலிருந்து வெளியே வரும் ஒளி 5 வாட்தான். இந்த உண்மை கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருந்தது. இணையத்தில் 16,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் கிடைக்கிற பலவற்றுக்கும் சட்டம், மோட்டார், லேசரைத் தாங்கி நகரும் தலை எல்லாம் ஏறக்குறைய இதே ஜாடைதான். நான் சொல்லப்போகும் குறைகள் உங்கள் இயந்திரத்திலும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எனக்கு வயது 62. பெங்களூரு ஜாலஹள்ளி எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் கோர்ப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். 'ஜனதா' என்ற சாவி கொடுக்கும் கடிகாரத்தின் 17 கற்களும் என் கண்ணுக்கு இன்னும் அத்துப்படி. விருப்ப ஓய்வு வாங்கி வந்தபோது கூடவே கொண்டுவந்தது, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கண் லென்ஸ். அல்சூரில் சோமேஸ்வரர் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மார்கழி வந்தால் அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் கோல அச்சு கேட்டு வருவார்கள். தகர அச்சு துருப்பிடிக்கிறது, கடையில் விற்கும் பிளாஸ்டிக் அச்சில் தாமரையும் மயிலும் தவிர வேறொன்றும் இல்லை. சிக்குக் கோலத்துக்கு நாமே அச்சு வெட்டினால் என்ன என்று தோன்றியது. பொறியியல் படிக்கும் பேரன், "லேசர் வாங்கலாம் பாட்டி" என்றான். அவனுக்கு வேறு உள்நோக்கம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இயந்திரத்தின் பாகங்களைப் பூட்டுவது ஒரு மணி நேர வேலை. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பெல்ட்டை மட்டும் தொய்வில்லாமல் கட்டுங்கள்.

முதல் நாள் எழுத்து அச்சிடும் கண்ணாடித்தாளை வைத்தோம். பள்ளிக்கூடத்தில் ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கு எழுதுவார்களே, அந்தத் தாள். தலை கோலம் முழுவதையும் பொறுமையாகச் சுற்றி வந்தது. தாளில் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் இருந்த பிளைவுட்டில் அழகான கோலம் கருகியிருந்தது. பிளைவுட்டின் புகை மட்டும் தாளின் அடிப்பக்கம் பழுப்பாகப் படிந்திருந்தது.

காரணம் எளிது. இந்த டயோடு உமிழ்வது நீல ஒளி, அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். தெளிவான பாலியஸ்டர் வழியே பார்வை எப்படிப் போகிறதோ அப்படியே அந்த ஒளியும் போய்விடும். ஒளியை விழுங்கினால்தான் பொருள் சூடாகும். கறுப்பு விழுங்கும், சிவப்பும் ஆரஞ்சும் நன்றாக விழுங்கும், நீலநிற ஃபைல் உறை கைவிரித்துவிடும். இயந்திரத்தின் தலையைச் சுற்றி ஆரஞ்சு நிறத் தடுப்பு வைத்திருப்பதும் இதனால்தான். தெளிந்த தாளைத்தான் வெட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கரியமில வாயு லேசரைத் தேட வேண்டும். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான், தெளிவான பிளாஸ்டிக்கும் அதை விழுங்கும். விலைதான் வேறு உலகம். இல்லையென்றால் தாளின் மேல் கறுப்புப் போஸ்டர் வண்ணம் பூசிக் காயவைத்து வெட்டலாம். அதையும் செய்து பார்த்தேன், வெட்டுகிறது. பூசுவதும் காய்வதும் பிறகு கழுவுவதுமாக ஒரு நாள் போகிறது.

அலமாரியைத் திறந்து எதையோ தேடும்போது என் முழங்கால் எக்ஸ்ரே உறை கையில் பட்டது.

பழைய, இருட்டறையில் கழுவி எடுத்த எக்ஸ்ரே படம் என்பது ஒரு பாலியஸ்டர் தாள். என்னிடம் இருந்தவை வெர்னியர் அளவுகோலில் 0.18 மில்லிமீட்டர் காட்டின. கோல அச்சுக்கு இதைவிடப் பொருத்தமான கனம் கிடையாது, வளையும், மடங்காது. படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளித் துகள். அது நீல ஒளியைச் சக்கரைப் பொங்கல்போல் சாப்பிடுகிறது. முழங்கால் படத்தில் காலைச் சுற்றியுள்ள வெற்றிடம் கரிக்கறுப்பு, அங்கே கத்தரிக்கோல்போல் வெட்டுகிறது. சதை இருக்கும் சாம்பல் பகுதியில் வேகத்தைக் குறைக்க வேண்டும். எலும்பில் வெட்டவே வெட்டாது. நெஞ்சுப் படம்தான் உத்தமம். நுரையீரல் நிறையக் காற்று, படத்தில் நிறையக் கறுப்பு. என் வீட்டுக்காரரின் நெஞ்சுப் படத்தை எடுத்தபோது, "நான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று நினைவூட்டினார். வெட்டும்போது முடி கருகும் வாடை வரும். படத்தின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் எரிகிற வாடை அது.

இனிமேல் குவியம், அதாவது லென்சிலிருந்து வரும் ஒளி மிகச் சின்னப் புள்ளியாகச் சேரும் இடம். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இயந்திரத்துடன் ஒரு சிறிய அக்ரிலிக் கட்டை தருகிறார்கள். அதை வெட்ட வேண்டிய பொருளின் மேல் வைத்து, தலையை அதன்மேல் உட்காரும்வரை இறக்கி, பக்கத்துத் திருகை முடுக்கிவிட்டுக் கட்டையை உருவிவிட வேண்டும். குவியம் சரியாகிவிட்டது என்று கையேடு சொல்கிறது. 3 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அது போதும். மரம் தடிமனானது, எங்கேயாவது ஓரிடத்தில் குவிந்தால் சரி என்று பொறுத்துக்கொள்ளும். 0.18 மில்லிமீட்டர் பிலிமுக்கு அந்தப் பொறுமை இல்லை. குவியம் தவறினால் ஒளிப்புள்ளி அகன்றுவிடும். அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. அதே 5 வாட் நான்கு மடங்கு இடத்தில் பரவிவிடுகிறது. பாலியஸ்டர் ஆவியாவதற்குப் பதிலாக உருகி, வெட்டின் இரு பக்கமும் வரப்புபோல் எழுந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் தெரியும். அச்சைத் தரையில் வைத்தால் அந்த வரப்பின் அடியில் புகுந்து கோலமாவு சிந்தும். முதல் நான்கு அச்சுகளும் அப்படித்தான் ஆயின. கோலத்தின் இழை ஓரம் மீசை வைத்ததுபோல் இருந்தது.

கட்டை சொல்லும் உயரத்தை நான் நம்பவில்லை. தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார், அளவுகோலையே முதலில் அள என்று. 100 மில்லிமீட்டர் நீள மரப்பட்டை ஒன்றின் ஒரு முனைக்கு அடியில் 10 மில்லிமீட்டர் கனத்துக்குத் துண்டு வைத்துச் சரிவாக்கினேன். மேலே கறுப்பு சார்ட் தாளை ஒட்டினேன். சரிவின் நடுப்புள்ளியில் கட்டையை வைத்து உயரத்தைப் பொருத்திவிட்டு, குறைந்த சக்தியில், முனையிலிருந்து முனைக்கு ஒரே ஒரு கோடு. பத்து மில்லிமீட்டர் நகர்ந்தால் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறுகிறது என்பது கணக்கு. கோடு இரு முனைகளிலும் தடித்து, எங்கோ ஓரிடத்தில் இடை சிறுத்து இருக்கும். அந்த இடைதான் குவியம்.

இடை எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். சில மில்லிமீட்டர் தூரத்துக்கு எல்லாம் ஒல்லியாகவே தெரியும். அதனால் ஒல்லியான இடத்தைத் தேடாமல், தடித்த இடங்கள் இரண்டைத் தேடினேன். இயந்திரத்தை அணைத்து, செருகியையும் பிடுங்கிவிட்டு, கண் லென்ஸை மாட்டிக்கொண்டு, இடது பக்கம் ஓரிடமும் வலது பக்கம் ஓரிடமும் கோடு ஒரே தடிமனாக இருப்பதைக் குறித்தேன். இரண்டுக்கும் நட்டநடு இடமே இடை. மூன்று முறை கோடு போட்டு மூன்று முறை குறித்தேன். மூன்றிலும் சரிவின் நடுவிலிருந்து உயர்ந்த முனைப் பக்கமாக 12 மில்லிமீட்டர் தள்ளி வந்தது. அதாவது இயந்திரத்தோடு வந்த கட்டை 1.2 மில்லிமீட்டர் அதிக உயரம். காகித கனத்துப் பிலிமை வெட்டுகிறவருக்கு அது ஒரு மாடி உயரம்.

கண்ணாடிப் பலகையில் எமரி தாளை ஒட்டி, கட்டையை எட்டு வடிவத்தில் தேய்த்தேன். இரண்டு சாயங்காலம் ஆனது. ஐம்பது தேய்ப்புக்கு ஒரு முறை வெர்னியர். பேரன், "3டி பிரிண்டரில் பத்து நிமிடத்தில் புதிதாக அடித்துத் தருகிறேனே" என்றான். அடித்தான். மூலைக்கு மூலை 0.15 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. என் கட்டையில் 0.02.

அதன் பிறகும் அச்சுக்கு அச்சு வெட்டு மாறியது. ஒரு வாரம் குழம்பினேன். கடைசியில் கண்டுபிடித்தது, பக்கத்துத் திருகை முடுக்கிவிட்டுக் கட்டையை உருவியதும் தலை ஒரு மயிரிழை கீழே நழுவுகிறது. வாகன உதிரிபாகங்கள் விற்கும் ஜே.சி. ரோட்டில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்தான ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிவந்து அளந்தேன்: கால் மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் கால் இல்லை, சில முறை குறைவு, அதுதான் எரிச்சல். என் அனுபவத்தில் பிலிம் வெட்டுக்குக் குவியம் மேலும் கீழும் 0.2 மில்லிமீட்டர்வரை பொறுத்துக்கொள்கிறது. அதற்குமேல் விளிம்பு தடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே இப்போது செய்வது இது: கட்டையின் மேல் அந்தக் கேஜின் 0.25 மில்லிமீட்டர் தகட்டை வைத்து, அதன்மேல் தலையை இறக்கித் திருகை முடுக்கிவிடுவேன். தகட்டையும் கட்டையையும் உருவிவிட்டு, கட்டையைத் தனியாகச் செருகிப் பார்ப்பேன். தலைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தாள் உரசிக்கொண்டு போனால் சரி. தாராளமாகப் போனாலோ போகவே மறுத்தாலோ திரும்பவும் முதலிலிருந்து. நுண்மையாக ஏற்றி இறக்கும் ஒரு மரைத்திருகை மட்டும் வைத்திருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் அதை மட்டும் கேளுங்கள். வாட் எவ்வளவு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒளிப்புள்ளி வட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். டயோடிலிருந்து கிளம்பும் ஒளி ஒரு திசையில் வேகமாக விரியும், மற்றொரு திசையில் மெதுவாக. எத்தனை லென்ஸ் வைத்தாலும் புள்ளி கடைசியில் ஒரு சின்னச் செங்கல்போல் நீள்சதுரமாகத்தான் விழுகிறது. செங்கல் தன் நீளவாக்கில் போனால் வெட்டு ஒல்லியாகவும் ஆழமாகவும் விழுகிறது. குறுக்குவாட்டில் போனால் அகலமாகவும் மேலோட்டமாகவும். பட்டை நிப் பேனாவால் வட்டம் போட்டுப் பாருங்கள், அதேதான். சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைந்த இழையை முழுசாக வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும் என்பதால், இழை நெடுக 2 மில்லிமீட்டர் துளைகளாகப் போட்டுக்கொண்டு போகிறேன். மாவைத் தேய்த்தால் துளைகள் சேர்ந்து கோடாகிவிடும். ஒவ்வொரு துளையும் ஒரு வட்டம். ஒரே சுற்றில் வெட்டினால் வட்டத்தின் இரண்டு பக்கம் அறுந்து, மற்ற இரண்டு பக்கமும் தொங்கும். சக்தியைக் கூட்டினால் அறுந்த பக்கம் உருகும். அதனால் 55 சதவீத சக்தியில், நிமிடத்துக்கு 800 மில்லிமீட்டர் வேகத்தில், இரண்டு சுற்று. 640 துளைகள் உள்ள ஒரு கோலத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது.

பேரன் செய்த உபகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்துக்குள் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். அதில் எம்3 என்று கட்டளை கொடுத்தால் தலை எந்த வேகத்தில் போனாலும் ஒரே சக்தி. வளைவுகளில் தலை வேகம் குறையும், ஆனால் நெருப்பு குறையாது, வளைவெல்லாம் பொசுங்கும். எம்4 என்று மாற்றினால் வேகம் குறையும்போது சக்தியும் குறைகிறது. சிக்குக் கோலத்தில் வளைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஓர் எண்ணை மாற்றியதில் பாதி வியாதி தீர்ந்தது.

மீதிப் பாதி பிலிமின் முதுகு. எக்ஸ்ரே உறைக்குள் வருஷக்கணக்காக வளைந்து கிடந்த படம் தட்டையாகப் படுக்காது. நடுவில் அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் மேலே சொன்ன தேய்ப்பெல்லாம் வீண். டேப் ஒட்டினேன், சூட்டில் விட்டுவிட்டது. எஃகுத் தகட்டில் காந்தம் வைக்கலாம் என்று இணையத்தில் பார்த்தேன். பளபளப்பான தகடு ஒளியைத் திருப்பி அடிக்கும், கண்ணுக்கு ஆபத்து, அந்தப் பக்கமே போகாதீர்கள். கடைசியில் கைகொடுத்தது கல் சிலேட்டு. மகள் ஒன்றாம் வகுப்பில் எழுதிய அசல் கல் சிலேட்டு, மரச்சட்டத்தைக் கழற்றியது. தட்டையானது, மங்கலானது, எரியாது. அதன்மேல் சோப்புத் தண்ணீர் நாலு சொட்டு விட்டு, பிலிமைப் பரப்பி, பழைய போன் அட்டையின் விளிம்பால் தண்ணீரை வெளியே வழித்துவிட வேண்டும். கார் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டுகிறவர்கள் செய்கிற வேலைதான். தண்ணீர்ப் படலம் பிலிமை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது; அடிப்பக்கம் அளவுக்கு மீறிச் சூடாகாமலும் பார்த்துக்கொள்கிறது. வெட்டு முடிந்ததும் உரித்தெடுத்தால் விளிம்பு சுத்தமாக இருக்கிறது. சிலேட்டில் மட்டும் துளைகளின் தடம் சாம்பல் வெள்ளையாகப் பதிந்துவிடுகிறது. இதுவரை வெட்டிய கோலமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் கிடக்கின்றன.

பேரனின் உள்நோக்கம் பாலிஇமைடு. தேன் நிறத்துப் பிலிம், எஸ்.பி. ரோட்டில் மின்னணுக் கடைகளில் தாளாகவும் டேப்பாகவும் கிடைக்கும். சர்க்யூட் பலகையில் ஈயப் பசை தடவுவதற்கு அதில் நுணுக்கமான ஜன்னல்கள் வெட்டிக்கொள்கிறான். அது நீல ஒளியை ஆவலாக விழுங்கும், உருகாது, கரியாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் கரி போய்விடுகிறது. என் கட்டையை இரவல் வாங்கிக்கொண்டுதான் செய்கிறான், 3டி பிரிண்டர்காரன்.

எச்சரிக்கைகள். கூடவே தந்த பச்சைக் கண்ணாடியில் அலைநீளமோ தடுப்பு எண்ணோ எதுவும் அச்சாகவில்லை. அதைக் கொலுவில் செட்டியார் பொம்மைக்கு மாட்டிவிட்டு, 450 நானோமீட்டரையும் ஓடி 5 என்ற தடுப்பு எண்ணையும் காலிலேயே பொறித்த கண்ணாடி வாங்கினேன். லேசர் எரியும்போது கண் லென்ஸைக் கையில்கூட எடுக்க மாட்டேன். பின்பக்க பால்கனியில் வைத்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, வேலை முடியும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த இயந்திரம் ஆகாது. முக்கியமாக, பிவிசி வேண்டாம். ஸ்டிக்கர் தாள், மேசை விரிப்பு, சில ஃபைல் உறைகள் எல்லாம் பிவிசிதான். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நெஞ்சையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். சந்தேகம் என்றால் ஒரு செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, திரும்பவும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்டிக்கர் வெட்டுவதற்குக் கத்தி வைத்த பிளாட்டர்தான் சரி.

நடுவில் மின்சாரம் போனால் வேலை விட்ட இடத்தை இந்த இயந்திரம் மறந்துவிடும். எங்கள் பகுதியில் அது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கிறது. இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டேன்.

கொடுத்த காசுக்கு என்ன மதிப்பெண் என்று கேட்டால், சட்டத்துக்கும் மோட்டாருக்கும் பத்துக்கு எட்டு, டயோடுக்கு எட்டு, குவியத்துக்கு அவர்கள் தந்த ஏற்பாட்டுக்கு இரண்டு. அந்த இரண்டும் கட்டை தேய்க்கத் தோதான அக்ரிலிக்கில் இருந்ததற்காக. வெர்னியர் பிடிக்கத் தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். பெட்டியைத் திறந்ததும் வெட்ட வேண்டும் என்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, தலையை மரைத்திருகால் ஏற்றி இறக்கும் வகையைப் பாருங்கள்.

இந்த மார்கழிக்கு இதுவரை முப்பத்தொரு அச்சு வெட்டியிருக்கிறேன். பெயரும் தேதியும் இருக்கும் மூலையை முதலிலேயே கத்தரித்து எறிந்துவிடுவேன். எலும்பு விழும் இடங்களில் போஸ்டர் வண்ணம். நேற்று எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஏழு புள்ளிக் கோலத்தின் துளைகளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ உருண்டு தெரிந்தது. "இது யாருடைய தலை?" என்று கேட்டார். தலை இல்லை, என் இடது முழங்கால் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வலது முழங்காலிலும் ஒன்று வேண்டும் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.